தோளைத் தொடக் கூடாத ஊர்

திங்கட்கிழமை காலையில் சாவியைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. ஹாங்காங்கில் அரசாங்கக் குடியிருப்பு வீட்டைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு லேசில் இன்னொன்று கிடைக்காது என்பது க்வாய் சுங் சந்தையில் கீரை விற்பவளுக்குக்கூடத் தெரியும். தெரிந்தேதான், தன்னோடு வந்துவிடச் சொன்ன மகனுக்கு லாய்குவான் தலையாட்டினாள்.

போன வாரம் அவள், பாதிப் பாத்திரங்களை எதிர்வீட்டுக்குத் தானம் செய்துவிட்டு, மீதியை அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். மகன் செக்ஹாங், மருமகள் போயீ, நாலு வயதுப் பேத்தி நாம்நாம் மூவரும் இருக்கும் வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறார்கள். கட்டிலைப் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. போகட்டும், மகன் வீடு அல்லவா.

"இனிமே உங்களுக்குப் பிள்ளையைப் பாத்துக்கவே நேரம் சரியா இருக்கும் அத்தை. அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் மக்காவ் போய்ட்டு வந்துடலாம்" என்று கிளப்பிவிட்டவள் போயீ. அவள் ஆபீஸ் விருந்தில் குலுக்கல் போட்டார்களாம், ஹோட்டல் அறை விழுந்ததாம்.

மக்காவ் சூதாட்டத்துக்கே பேர்போன ஊர்; லாய்குவான் அதன் பெயரைக்கூட வாயில் எடுப்பதில்லை. ஆனால் ஊருக்கே பொதுவான இடத்தை ஒருத்தி எத்தனை காலம் வெறுத்துக்கொண்டிருப்பது? சனிக்கிழமை காலையில் எல்லோரோடும் கப்பல் ஏறிவிட்டாள்.

நீலக்கொக்கு ஹோட்டலின் முன்வாசல் ஒரு கல்யாண மண்டபத்தையே உள்ளே தள்ளிவிடலாம் போல அகலமாக இருந்தது. போயீ அந்தப் பக்கமே போகவில்லை.

"இப்படி வாங்க அத்தை, பக்கத்து வாசல்ல கூட்டம் கம்மி."

முன்வாசலில் ஈ காக்கை இல்லை. செக்ஹாங் குழந்தையின் தள்ளுவண்டியைப் பக்கவாட்டில் திருப்பினான். அவன் திருப்பிய வேகத்தைத்தான் லாய்குவான் கவனித்தாள். சூதாட வருகிறவர்கள் பெரிய வாசலில் நுழைய மாட்டார்கள், அதிர்ஷ்டத்தை வாசலே விழுங்கிவிடுமாம். செத்துப்போன அவள் புருஷன், தாம் என்று பெயர், ஒருநாளும் அப்படி நுழைந்ததில்லை.

அறைக்குள் போனதும் அவள் சந்தேகம் இன்னும் முற்றியது. அது அறையா? கூடம் தனி, படுக்கை தனி, கண்ணாடிச் சுவர் ஓரமாகக் குளிக்கும் தொட்டி. மேஜைமேல் ஒரு தட்டு நிறையப் பழம், அதன் மேல் பட்டு ரிப்பன்.

"குலுக்கல்ல விழுந்த ரூமாடா இது?"

"ஏம்மா, பிடிக்கலையா?" என்றான் செக்ஹாங்.

"பிடிச்சிருக்கு. அதான் கேக்குறேன்."

போயீ சிரித்துக்கொண்டே ஒரு ஆரஞ்சை உரித்து மாமியார் கையில் வைத்தாள். "குடுக்குறதை வாங்கிக்கணும் அத்தை. எல்லாத்துக்கும் ரசீது கேட்டா எப்படி?"

மினி பஸ் ஓட்டிய தாமுக்கும் ஒரு காலத்தில் இப்படி அறை கிடைத்தது. அப்போது புதிதாகக் கல்யாணமான லாய்குவான், ராணி மாதிரி பழத்தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து, என் புருஷனுக்கு எவ்வளவு மரியாதை என்று பூரித்துப்போனாள். இந்த ஊர் யாருக்கு எதற்காக அறை கொடுக்கிறது என்று புரிந்துகொள்ள அவளுக்குச் சில வருஷங்கள் ஆயின. ஜெயித்ததைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு யார் கொடுப்பார்கள்? திரும்பத் திரும்ப வந்து தோற்றுவிட்டுப் போகிறவனுக்குத்தான் பட்டு ரிப்பன்.

ஆக, செக்ஹாங் ஆடுகிறான். அப்பன் ரத்தம் சும்மா இருக்குமா?

மத்தியானம் ஹோட்டலுக்குள்ளேயே பன்றிக்கறி பன் சாப்பிட உட்கார்ந்தபோதும் அவள் மகனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆடுகிறவனுக்குச் சாப்பாட்டில் மனசு இருக்காது, கால் ஆடிக்கொண்டே இருக்கும், பதில் ஒரு நொடி தாமதமாக வரும். செக்ஹாங்கோ நிதானமாகத் தன் பன்னையும் தின்று, பிள்ளை மிச்சம் வைத்ததையும் தின்றான். கூரையில் நீலமும் மேகமுமாக வானம் வரைந்திருந்தார்கள்.

"அப்பா, இந்த வானத்துல மழை வருமா?" என்று கேட்டாள் நாம்நாம்.

"மேல ரூம்ல யாராவது குழாயை மூடாம விட்டா வரும்."

லாய்குவானுக்குச் சிரிப்பு வந்தது. உடனே சந்தேகமும் வந்தது. தாமும் நன்றாகச் சிரிக்க வைப்பான்.

"எனக்குக் கழுத்து பிடிச்சிருக்கு. மசாஜ் பண்ணிட்டு வந்துடறேன்" என்று போயீ எழுந்தாள். பதிலுக்குக் காத்திராமல் நடந்தாள். செக்ஹாங் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீச்சல் குளத்துக்குப் போனான். லாய்குவான் படுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அறைக்கு வந்து, படுக்காமல், கண்ணாடிச் சுவரோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குளத்தைக் காவல் காத்தாள்.

மகனின் ஆரஞ்சுத் தொப்பி தண்ணீரில் நாம்நாமின் மிதவையைத் தள்ளிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. நழுவிவிடுவான், இதோ நழுவிவிடுவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் நழுவவில்லை. பிள்ளைக்குத் தலை துவட்டினான், ஐஸ் வாங்கிக் கொடுத்தான், மறுபடி தண்ணீரில் இறங்கினான்.

பெற்ற பிள்ளையைத் திருடன் மாதிரி வேவு பார்த்தோமே என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

ஹோட்டல் சீருடையில் ஒரு பெண். கையிலிருந்த தட்டில் மூடி போட்ட கிண்ணம்.

"மிஸ் யிப் இல்லையா மேடம்?"

மிஸ் யிப் என்றால் போயீ. பிறந்த வீட்டுப் பெயர்.

"மசாஜுக்குப் போயிருக்கா. அவ ஏதாவது கேட்டிருந்தாளா?"

"கேக்கவே வேண்டாங்க. அவங்க வந்தாலே நாங்க அனுப்பிடுவோம். பாதாம் பால், முட்டை வெள்ளைக்கரு போட்டது, சர்க்கரை கம்மியா. இன்னிக்கு சனிக்கிழமை, வந்திருக்காங்கன்னு லேட்டாத்தான் தெரிஞ்சுது. எப்பவும் புதன்கிழமைதானே!"

லாய்குவான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "நான் அவ மாமியார்" என்றாள்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே இருந்தது. கால்கள் மட்டும் ஓரடி பின்னால் போயின. "சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு மறைந்தாள்.

புதன்கிழமை. ஒவ்வொரு புதனும் போயீ மக்காவுக்கு அடுத்த சீன நகரமான ஜூஹாயில் சரக்கு பார்க்கப் போகிறாள் என்றுதான் வீட்டில் பேச்சு. அழகுசாதனம் இறக்குமதி செய்யும் கம்பெனியில் வேலை, சரக்கு பார்க்கத்தானே வேண்டும்? புதன்கிழமைகளில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆள் இல்லை என்றுதானே லாய்குவானையே வரச் சொன்னார்கள்!

அவள் ஒரு கரண்டி பாதாம் பாலை வாயில் வைத்தாள். மிக நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததே அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. மூடியைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

சூதாட்டக் கூடத்தின் வாசலில் இளசுகளை நிறுத்தி வயது கேட்டுக்கொண்டிருந்த காவலாளி, இவளைப் பார்த்ததும் குனிந்து வணங்கி வழிவிட்டான். உள்ளே எலும்பில் இறங்கும் குளிர். ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை. கால் புதையும் கம்பளம். தள்ளுவண்டியில் பால் டீ கொண்டு போனார்கள். எதுவும் மாறவில்லை, அன்றைய சிகரெட் புகை மட்டும் இல்லை.

போயீயைத் தேட வேண்டியிருக்கவில்லை. கூட்டம் எங்கே நெருக்கியடித்ததோ அங்கே இருந்தாள். சுற்றி நின்றவர்களில் பலர் அவள் அப்பா வயது. அந்த மேஜையில் யார் அதிகமாகப் பணம் வைக்கிறார்களோ அவர்களுக்குத்தான் சீட்டைத் திருப்பும் உரிமை. மற்றவர்கள் அவர் வைத்த பக்கமே வைத்துவிட்டு, அவர் விரலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இப்போது எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது போயீயின் விரலை.

முதல் சீட்டு படம். படத்துக்கு மதிப்பில்லை. இரண்டாவது சீட்டைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போகலாம், ஆனால் இந்த ஊரில் யாரும் அப்படிச் செய்வதில்லை. போயீ இரண்டு கட்டைவிரலாலும் சீட்டின் நீள ஓரத்தை அழுத்தி, மேஜையோடு மேஜையாகக் குனிந்து, மெல்ல மெல்ல மடித்தாள். ஓரத்தில் நாலு புள்ளி தெரிந்தது.

"நாலு!" என்று ஒரு கிழவர் கத்தினார்.

ஓரத்தில் நாலு என்றால் அது ஒன்பது அல்லது பத்து. ஒன்பதுக்கு மேல் இந்த ஆட்டத்தில் எண் கிடையாது. பத்து என்றால் பூஜ்யம். நடுவில் ஒரு புள்ளி குறைந்திருந்தால் ராஜா, குறையாவிட்டால் பிச்சைக்காரன்.

"ஊதும்மா, ஊது! ஒண்ணை ஊதித் தள்ளு!" என்றார்கள் சுற்றி இருந்தவர்கள். அந்த ஒரு புள்ளி பறந்துபோகட்டும் என்று போயீ சீட்டின்மேல் ஊதினாள். கிழவரும் ஊதினார். பெரிய பெரிய ஆட்கள் கேக்கில் மெழுகுவர்த்தி அணைக்கும் பிள்ளைகள் மாதிரி கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார்கள்.

ஆடுகிறவரின் தோளைத் தொடக் கூடாது. முழங்காலைத் தட்டலாம், பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம், தோளில் கை வைத்தால் மட்டும் அதிர்ஷ்டம் இறங்கிப் போய்விடும். இங்கே கொலைக் குற்றத்துக்கு அடுத்தபடி அதுதான். கல்யாணமான புதிதில் லாய்குவான் இது தெரியாமல், சாப்பிடக் கூப்பிட வந்தவள், தாமின் தோளில் கை வைத்தாள். அவன் திரும்பிப் பார்த்த பார்வை! அன்றைக்குத் தோற்றதெல்லாம் அவள் கணக்கில்தான் எழுதப்பட்டது. அதற்குப் பிறகு அவள் வீட்டில்கூட அவன் தோளைத் தொட்டதில்லை. சமையலறையில் அவனைத் தாண்டிப் போகும்போதும் கையை மார்போடு ஒட்டிக்கொண்டு போவாள். ஆஸ்பத்திரியில் அவன் நினைவிழந்து கிடந்த கடைசி வாரத்தில்தான் கை வைத்தாள். எலும்பாக இருந்தது.

இதையெல்லாம் அவள் அங்கே நின்று யோசிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மருமகளின் இடது தோளில் கையை வைத்து அழுத்தினாள். தொலையட்டும், இந்த அதிர்ஷ்டம் இன்றோடு இவளைவிட்டுத் தொலையட்டும் என்று முழு மனசோடு அழுத்தினாள்.

கூட்டம் "ஐயோ" என்றது. போயீ வெடுக்கென்று திரும்பினாள். அதே பார்வை. முகம்தான் வேறு, பார்வை தாமுடையது. யார் என்று தெரிந்ததும் அந்த முகம் வெளுத்தது. ஆனால் விரல்கள் நிற்கவில்லை, அவை பாட்டுக்குச் சீட்டைப் புரட்டிவிட்டன.

ஒன்பது.

மேஜையே எழுந்து குதித்தது. கிழவர் கைதட்டினார். யாரோ லாய்குவானுக்கு வழிவிட்டு, நாற்காலிகூட இழுத்துப் போட்டார்கள்.

"அத்தை!" போயீயின் கண்கள் பளபளத்தன. பயமெல்லாம் எங்கே போனதோ. "உங்க கை ராசி! எடுக்காதீங்க. அப்படியே வெச்சிருங்க. இன்னும் ஒரே ஒரு தடவை!"

அவள் தன் கையால் மாமியாரின் கையைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

லாய்குவானுக்கு எது பயங்கரமாக இருந்தது தெரியுமா? மருமகள் சொன்னதல்ல. ஒன்பது விழுந்த அந்தக் கணத்தில் அவளுக்கே உள்ளுக்குள் ஜிலீரென்று ஒரு சந்தோஷம் ஓடியதுதான். காலமெல்லாம் தாமை வைதவள் அவள். அவனுக்கு என்ன கிடைத்தது என்று ஒருநாளும் புரியாதவள். இன்று புரிந்துவிட்டது, அதுவும் ஒரு நொடியில். அதற்காகவே அவளுக்கு அழுகை வந்தது.

"எழுந்திரு" என்றாள்.

"ஒரே ஒரு தடவை..."

"எழுந்திருடி!"

மாமியார் தன்னை "டி" போட்டுக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. போயீ எழுந்தாள்.

வரைந்த வானத்துக்குக் கீழே, ஹோட்டலுக்குள்ளேயே வெட்டியிருந்த செயற்கைக் கால்வாயின் ஓரமாக ஒரு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். படகில் ஒரு புதுத் தம்பதி படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"புதன்கிழமைதோறுமா?"

போயீ தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாப் புதனும் இல்ல. சரக்கு பார்க்க நிஜமாவே போவேன். திரும்புறப்ப இந்தப் பக்கம் வருவேன்."

"மசாஜ் பண்ண."

"குத்திக் காட்டுங்க. உங்களுக்கு உரிமை இருக்கு." போயீ போகும் படகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பணத்துக்காக இல்ல அத்தை. ஆபீஸ்ல நான் பேசினா யாரும் நிமிர்ந்துகூடப் பாக்க மாட்டாங்க. வீட்ல நான் எங்கே நிக்கிறேன்னே யாருக்கும் தெரியாது, சோறு வந்தா சரி. அங்க நான் சீட்டைத் தொட்டா அத்தனை பேரும் மூச்சை நிறுத்திடறாங்க. அந்த ஒரு நிமிஷம் இருக்கு பாருங்க..."

"பாத்தேன்" என்றாள் லாய்குவான்.

"அவருக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. சொல்லிடாதீங்க. அப்பாவைப் பாத்து வளர்ந்தவர், தாங்க மாட்டார். மாமா ஆடினப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

"காத்துக்கிட்டிருந்தேன். கப்பல் வர்ற நேரமெல்லாம் மனப்பாடம். சோத்தைச் சூடு பண்ணுவேன், ஆறும், மறுபடி சூடு பண்ணுவேன். யாராவது கேட்டா, ஓவர் டைம்னு சொல்லுவேன். உன் புருஷன்கிட்டயும் அதையேதான் சொன்னேன், அவன் சின்னவனா இருந்தப்ப." அவள் மருமகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "பொய் சொல்லிப் பழகிட்டேன் போயீ. அதை மறுபடியும் உன் வீட்ல வந்து பண்ணச் சொல்லாத."

"அப்ப சொல்லிடப் போறீங்களா?"

"நீதான் சொல்லணும். நான் சொல்லப் போறது ஒண்ணுதான். திங்கட்கிழமை நான் சாவியைக் குடுக்கல. என் வீட்ல இருந்துக்கறேன். நாளைக்கே உனக்கோ குழந்தைக்கோ போக ஒரு இடம் வேணும்னா, அந்தக் கதவு இருக்கட்டும். எனக்கு அன்னிக்கு அப்படி ஒண்ணு இருந்ததில்ல."

போயீ அழுதாள். அது வருத்தமா, மாட்டிக்கொண்ட கோபமா, லாய்குவானுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

மாலையில் மக்காவிலேயே தைப்பா பக்கம் ஒரு சின்னக் கடையில் நண்டுக் கஞ்சி சாப்பிட உட்கார்ந்தார்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தண்ணீரில் ஊறிக் களைத்த நாம்நாம் அப்பாவின் மடியிலேயே தூங்கிப்போனாள். போயீயின் முகம் கழுவிய பாத்திரம் போலச் சுத்தமாக இருந்தது. அவள் வாய் திறப்பாள் என்று லாய்குவான் காத்திருந்தாள். போயீயோ கிண்ணத்தில் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

சரி, நம் பங்கைச் சொல்லிவிடுவோம்.

"செக்ஹாங், திங்கட்கிழமை நான் வீட்டைத் திருப்பிக் குடுக்கல. அங்கேயே இருந்துக்கறேன்டா. பிள்ளையைக் கூட்டிவர தினம் வந்துட்டுப் போறேன்."

ஏன் என்று கேட்பான், உடம்பு சரியில்லையா என்பான், அறை சின்னதாக இருக்கிறது என்று கோபமா என்பான். அதற்கெல்லாம் அவள் பதில் தயார் செய்து வைத்திருந்தாள்.

செக்ஹாங் கரண்டியைக் கீழே வைத்தான். மனைவியை ஒருமுறை பார்த்தான். பிறகு அம்மாவிடம், கப்பல் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பவன் போலக் கேட்டான்.

"எந்த மேஜையில பாத்தீங்க?"

போயீயின் கரண்டி நின்றது. "உங்களுக்குத் தெரியுமா?"

அவன் அம்மா பக்கமே திரும்பியிருந்தான். தூங்கும் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, கெஞ்சும் குரலில், அம்மாவோடு மட்டும் பேசினான்.

"என்னால முடியலைம்மா. சண்டை போடத் தெரியல, நிறுத்தச் சொல்லத் தெரியல. அதான் உங்களை வரச் சொன்னேன். நீங்க வீட்ல இருந்தா அவளைப் பாத்துப்பீங்க. வர்ற நேரம் போற நேரம் எல்லாம் பாத்துப்பீங்க. உங்களுக்குத்தானே இதெல்லாம் பழக்கம்?"

பக்கத்து மேஜையில் யாரோ இன்னொரு கிண்ணம் கஞ்சி கேட்டார்கள்.

லாய்குவான் மகனையே பார்த்தாள். ஆடாத பிள்ளை, நல்ல பிள்ளை, குளத்தில் குழந்தையை விட்டு நகராத பிள்ளை. தப்பித்துவிட்டான் என்று மத்தியானம்தான் சந்தோஷப்பட்டாள். அவன் அப்பனிடமிருந்து ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை, சரிதான். இவளிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறான். தெரிந்தும் தெரியாததுபோல இருப்பதை, சோற்றை மறுபடி மறுபடி சூடு பண்ணுவதை. இவளே ஊட்டி வளர்த்தது.

"பழக்கம்தான்டா" என்றாள்.  "பழகினவ சொல்றேன், அது யாரையும் காப்பாத்தல. உங்கப்பாவையும் காப்பாத்தல. இப்பப் பாத்தா உன்னையும் காப்பாத்தல."

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நான் இப்பவே கப்பல் ஏறுறேன். உங்க ரெண்டு பேர்ல யாரு இங்க உக்காந்து இன்னொருத்தர்கிட்ட உண்மையைப் பேசப் போறீங்க, யாரு என்கூட வந்து இன்னொரு நாள் தள்ளிப் போடப் போறீங்க? சீக்கிரம் சொல்லுங்க. பிள்ளை எந்திரிச்சிடப் போகுது."

அவளோடு கிளம்ப இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.